ஓர் அண்டா, இரண்டு பந்தி
இங்கிலாந்தில் கடனில் வீடு வாங்கும்போது வங்கி ஏற்ற சொலிசிட்டர்: எப்படி இயங்குகிறது?

கல்யாண மண்டபம் பேசப் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். வாடகை, நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் பேசி முடித்து முன்பணம் எடுக்கும் நேரத்தில் மேனேஜர் ஒரு வார்த்தை சொல்வார்: "சமையலுக்கு மட்டும் எங்க லிஸ்ட்ல இருக்கறவங்கதான். வெளி ஆளைக் கூட்டி வந்தா தனியாக் கட்டணும்." பெண்ணைப் பெற்றவர் முகம் சுருங்கும். விசேஷம் நம்முடையது, மளிகை நம்முடையது, சாப்பிடப் போகிறவர்கள் நம் சொந்தங்கள். கரண்டி பிடிப்பவரை மட்டும் இவர் ஏன் சொல்ல வேண்டும்? மேனேஜர் பக்கம் நின்று பார்த்தால் காரணம் இருக்கிறது. அடுப்பும் அண்டாவும் அவருடையவை. பழகாத கை அடிப்பிடிக்க விட்டால் பாழாவது அவர் பாத்திரம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடன் வாங்கி வீடு வாங்குபவர்கள் இதே பேச்சை வங்கியின் வாயால் கேட்கிறார்கள்: "உங்கள் சொலிசிட்டர் எங்கள் பேனலில் இருக்க வேண்டும்."

லண்டனில் நாங்கள் முதல் வீடு வாங்கியபோது இது எங்களுக்குத் தெரியாது. மச்சான் சொன்ன சொலிசிட்டரைப் பிடித்தோம். நல்ல மனிதர், தமிழில் பேசுவார், முன்பணமும் குறைவு. மூன்றாவது வாரம் கடன் தரகர் போன் செய்தார். அந்த அலுவலகம் வங்கியின் பட்டியலில் இல்லை. புதிய அலுவலகத்தைத் தேடி, அடையாளச் சோதனை முதல் எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினோம். விற்பவர் பொறுமை இழந்துகொண்டிருந்தார். அன்று எங்களுக்கு யாராவது இந்தச் சமையலறையைச் சுற்றிக் காட்டியிருந்தால் அந்த மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

சமையற்காரர் ஒருவர், சாப்பிடுபவர் இருவர்

4 லட்சம் பவுனுக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் 40,000. மீதி 3,60,000 வங்கியின் பணம். அண்டாவில் பத்துப் படி அரிசி கொதிக்கிறது என்றால் ஒன்பது படி வங்கியுடையது. கடன் நின்றுபோனால் வங்கிக்கு இருக்கும் முக்கியப் பிடிமானம் அந்த வீடு. அதனால் வீட்டின் உரிமை சுத்தமாக இருக்கிறதா, விற்பவர் உண்மையான சொந்தக்காரர்தானா, வேறு யாருக்காவது அதில் பாத்தியதை உண்டா என்று உறுதிசெய்ய வங்கிக்கும் ஒரு வழக்கறிஞர் வேண்டும்.

வாங்குபவருக்கு ஒருவர், வங்கிக்கு ஒருவர் என்று இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே பத்திரத்தைப் படித்தால் செலவும் இரட்டை, நாளும் இரட்டை. ஆகவே சாதாரண வீட்டு விற்பனையில் ஒரே சொலிசிட்டர் இருவருக்கும் வேலை செய்கிறார். உங்களுக்கு வேண்டியதும் வங்கிக்கு வேண்டியதும் பெரும்பாலும் ஒன்றுதான்: கோளாறு இல்லாத வீடு. ஒரே அண்டாவில் வெந்த சோறு இரண்டு பந்திக்கும் போகிறது. அந்த ஒருவருக்கான கட்டணத்தை நீங்கள் கட்டுகிறீர்கள்.

சமையற்காரருக்குக் கூலி நீங்கள் கொடுத்தாலும் அவர் உங்களுக்கு மட்டும் ஆள் இல்லை. வங்கியும் அவருடைய கட்சிக்காரர். பின்னால் வரும் எல்லாமே இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைக்கிறது.

பட்டியலில் இடம் பிடிப்பவர் யார்?

பேனல் என்பது, எங்கள் பெயரில் வேலை செய்யலாம் என்று ஒரு வங்கி ஏற்றுக்கொண்ட அலுவலகங்களின் பட்டியல். இங்கே வீட்டுப் பத்திர வேலையைப் பெரும்பாலும் செய்பவர்கள் இரு வகை: எஸ்.ஆர்.ஏ. என்ற ஒழுங்காணையத்துக்குக் கட்டுப்பட்ட சொலிசிட்டர்கள், சி.எல்.சி. என்ற மன்றத்துக்குக் கட்டுப்பட்ட லைசன்ஸ்டு கன்வேயன்சர்கள். இருவரும் பட்டியலில் இடம் பெறலாம்.

வங்கி முதலில் பார்ப்பது உரிமமும் காப்பீடும். சொலிசிட்டர் தவறு செய்து வங்கி நட்டப்பட்டால் அதை ஈடுகட்டத் தொழில் பொறுப்புக் காப்பீடு இருக்க வேண்டும். எஸ்.ஆர்.ஏ. விதிப்படி கம்பெனியாக நடக்கும் அலுவலகத்துக்கு ஒரு கோரிக்கைக்குக் குறைந்தது 30 லட்சம் பவுன், மற்றவற்றுக்கு 20 லட்சம் பவுன். அடுத்து, லா சொசைட்டி 2011இல் கொண்டுவந்த சி.க்யூ.எஸ். என்ற தரச் சான்றைப் பல வங்கிகள் கேட்கின்றன. ஒரே ஒரு சொலிசிட்டர் நடத்தும் அலுவலகத்தைச் சில வங்கிகள் சேர்ப்பதில்லை; பணத்தைக் கையாளும் இடத்தில் இன்னொரு கண் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆண்டுக்குச் சில வேலைகள்கூட வராத அலுவலகத்தை நீக்கிவிடும் வங்கிகளும் உண்டு.

பட்டியலின் நீளம் வங்கியின் விருப்பம். எச்.எஸ்.பி.சி. 2012 தொடக்கத்தில் தன் பட்டியலை 43 அலுவலகங்களாகச் சுருக்கியபோது நாடெங்கும் சொலிசிட்டர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பின்னர் வங்கி கதவை அகலமாகத் திறந்தது. பல பெரிய வங்கிகளின் பட்டியலில் இன்று ஆயிரக்கணக்கான அலுவலகங்கள் இருக்கின்றன. சின்ன வங்கிகளின் பட்டியல்தான் சில சமயம் கைவிரல் எண்ணிக்கையில் நிற்கும்.

பேனலில் இருப்பதை உங்களுக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு என்று மட்டுமே அதற்குப் பொருள். போனை எடுப்பாரா, கடிதத்துக்குப் பதில் போடுவாரா, உங்கள் கேள்வியைப் பொறுமையாகக் கேட்பாரா என்று வங்கி பார்த்துச் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

சுவரில் ஒட்டிய விதிகள்

மண்டபச் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: இந்த நேரத்துக்குள் அடுப்பை அணைக்கணும், கழிவை இங்கே கொட்டணும். பேனல் சொலிசிட்டருக்கும் அப்படி ஒரு தாள் உண்டு. யூ.கே. ஃபைனான்ஸ் என்ற வங்கிகள் அமைப்பு நடத்தும் மார்ட்கேஜ் லெண்டர்ஸ் ஹேண்ட்புக். பல பில்டிங் சொசைட்டிகள் தங்கள் சங்கத்தின் தனிக் கையேட்டைப் பின்பற்றுகின்றன.

ஹேண்ட்புக்கின் முதல் பாகம் எல்லா வங்கிகளுக்கும் பொது. இரண்டாம் பாகம் வங்கிக்கு வங்கி மாறும். குத்தகை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் பெரும்பாலான ஃபிளாட்டுகள் லீஸ்ஹோல்டு. கடன் கொடுக்க லீஸில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்க வேண்டும், தரை வாடகை எந்த வேகத்தில் ஏறலாம் என்பதை ஒவ்வொரு வங்கியும் தனித்தனியாகச் சொல்கிறது. பக்கத்து ஃபிளாட்டுக்கு ஒரு வங்கி கடன் கொடுத்தது என்பதால் உங்கள் வங்கியும் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. பேனலில் இருக்கும் சொலிசிட்டர் உங்கள் வங்கியின் அளவுகோலை வைத்துக்கொண்டு லீஸைப் படிக்கிறார்.

மளிகையைப் புடைப்பது

நல்ல சமையற்காரர் அரிசி மூட்டையை அப்படியே அண்டாவில் கொட்டமாட்டார். முறத்தில் போட்டுப் புடைத்து, கல் பொறுக்கி, ஒரு பிடியை வாயில் போட்டுப் பார்ப்பார். சொலிசிட்டரின் முதல் சில வாரங்கள் இந்த வேலைதான்.

முதலில் எச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் பதிவேடு. சொத்து எது, சொந்தக்காரர் யார், அதன்மேல் யாருடைய கடன் நிற்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு தேடல்கள். உள்ளூர் கவுன்சிலில் கேட்பது: இந்தச் சாலை கவுன்சில் பராமரிப்பதா, வீட்டுக்குப் பின்னால் கட்டிய அறைக்கு அனுமதி உண்டா? தண்ணீர் நிறுவனத்திடம் கேட்பது: சாக்கடைக் குழாய் வீட்டுக்கு அடியில் ஓடுகிறதா? சுற்றுச்சூழல் தேடல்: வெள்ள அபாயம் உண்டா, இந்த நிலத்தில் முன்பு தொழிற்சாலை இருந்ததா? நிலக்கரி தோண்டிய ஊர்களில் அதற்கும் ஒரு தேடல்.

ரொக்கமாக வாங்குபவர் இவற்றில் ஒன்றிரண்டை விட்டுவிட்டுத் துணியலாம். கடனில் வாங்குபவருக்கு அந்தச் சலுகை இல்லை. புடைக்காத அரிசியை வங்கி அடுப்பில் ஏற்ற விடாது. இதில் உங்களுக்கும் லாபம். கல்லைக் கடிக்கும் பல் உங்களுடையதும்தான்.

உப்பு கூடினால் இருவருக்கும் சொல்ல வேண்டும்

நம் குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வங்கிக்கும் வேலை செய்வதால், கடனைப் பாதிக்கக்கூடிய எதையும் சொலிசிட்டர் வங்கிக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். பேசிய விலையில் பில்டர் தள்ளுபடி கொடுத்தால் சொல்ல வேண்டும். விற்பவர் வீட்டை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் சொல்ல வேண்டும். முன்பணம் உங்கள் சம்பளச் சேமிப்பிலிருந்து வராமல் அப்பா கொடுத்தது என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

சின்னதுதானே என்று விட முடியாது என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. 1988இல் ஒரு தம்பதி 73,000 பவுனுக்கு வீடு வாங்கினார்கள். பிரிஸ்டல் அண்ட் வெஸ்ட் பில்டிங் சொசைட்டி 59,000 பவுன் கடன் கொடுத்தது. மீதியை வேறு கடன் இல்லாமல் போட வேண்டும் என்பது நிபந்தனை. வேறொரு வங்கிக்கு அவர்கள் தர வேண்டியிருந்த 3,350 பவுன் பாக்கிக்குப் புதிய வீட்டையே இரண்டாவது அடமானமாக வைக்க ஏற்பாடாகியிருந்தது. சொலிசிட்டருக்கு அது தெரியும். அறிக்கை எழுதும்போது கவனப்பிசகால் அதைக் குறிப்பிடவில்லை. தவணை நின்று வீடு விற்றபோது சொசைட்டிக்கு நட்டம். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பானது. இருவருக்கு வேலை செய்யும் சொலிசிட்டரின் கடமை எது என்று இன்றும் சட்ட மாணவர்கள் படிப்பது அந்தத் தீர்ப்பை. ஒரு கரண்டி உப்பு. அதற்கு எட்டு ஆண்டு.

லண்டன் தமிழ் வீடுகளில் முன்பணம் எப்படிச் சேர்கிறது என்று நமக்குத் தெரியும். சீட்டு எடுத்த பணம், அண்ணன் கொடுத்த கைமாற்று, அம்மாவின் நகை விற்ற காசு. உழைத்துச் சேர்த்த நேர்மையான பணம்தான். ஆனால் பணமோசடித் தடுப்பு விதிகளின்படி ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் காகிதத்தில் பார்த்தாக வேண்டும். கணக்கில் திடீரென்று 12,000 பவுன் ரொக்கமாக ஏறியிருந்தால், "சீட்டுக் காசு" என்ற வாய்ச்சொல் போதாது. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் சீட்டுப் பணமும் வங்கி வழியாகவே போய் வரட்டும். நகை விற்றால் ரசீதை வைத்திருங்கள். அப்பா கொடுப்பது அன்பளிப்பு என்றால், திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் பங்கும் கோரமாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். உண்மையில் அது கடன் என்றால் கடன் என்றே சொல்லுங்கள்.

வங்கியிடம் சொல்லாதீர்கள் என்று நீங்கள் கேட்டுக்கொண்டால் என்ன ஆகும்? உங்கள் ரகசியத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வங்கிக்குச் சொல்ல முடியாது. மறைத்துக்கொண்டு வங்கிக்கு வேலை செய்யவும் முடியாது. காரணம் சொல்லாமல் வங்கியின் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகுவார். காரணம் எழுதாத அந்தக் கடிதம் வங்கிக்குப் போதுமான செய்தி.

அம்மாவும் அப்பாவும் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

வீட்டில் உங்களோடு குடியேறப் போகும் 17 வயது நிரம்பிய எல்லோருடைய பெயரையும் சொலிசிட்டர் கேட்பார். பெற்றோர், தம்பி என்று யாராக இருந்தாலும், வீட்டின்மேல் எங்களுக்கு இருக்கும் எந்த உரிமையும் வங்கியின் உரிமைக்குப் பின்னால்தான் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார். பல வீடுகளில் இது மனவருத்தத்தில் முடிகிறது. "என் பிள்ளை வீட்டில் நான் இருக்க வங்கிக்கு எதற்குக் கையெழுத்து?"

காரணம் 1980இல் பிரபுக்கள் சபை கொடுத்த போலண்ட் தீர்ப்பு. வீடு கணவர் பெயரில் மட்டும் பதிவாகியிருந்தது; வாங்க மனைவியும் பணம் போட்டிருந்தார், அங்கேயே குடியிருந்தார். கணவர் வீட்டை வங்கிக்கு அடமானம் வைத்தார். மனைவியிடம் வங்கி எதுவும் விசாரிக்கவில்லை. குடியிருக்கும் மனைவியின் பங்கு வங்கியையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு வந்தது. அன்று முதல், குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்காமல் எந்த வங்கியும் பணத்தை விடுவதில்லை.

அந்தத் தாளில் கையெழுத்திடும் பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வீடு வாங்க நீங்கள் பணம் கொடுத்திருந்தால், முதலில் வேறொரு சொலிசிட்டரிடம் தனியாக ஆலோசனை கேளுங்கள். பிள்ளையின் சொலிசிட்டர் பிள்ளைக்கும் வங்கிக்கும் வேலை செய்பவர். உங்களுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

அடுப்பிலிருந்து பந்திக்கு

கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்ததும் ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் எக்ஸ்சேஞ்ச். வழக்கமாக விலையில் 10 சதவீதம் முன்பணம் போகும். அதன் பிறகு பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். கடன் உறுதிக் கடிதம் கையில் வந்து, சொலிசிட்டர் வங்கிக்கு எழுதியவற்றுக்கு ஒப்புதலும் வந்த பிறகே எக்ஸ்சேஞ்ச் செய்ய வேண்டும்.

அடுத்து சொலிசிட்டர் வங்கிக்கு ஒரு சான்று அனுப்புகிறார்: சர்டிஃபிகேட் ஆஃப் டைட்டில். உரிமை சரியாக இருக்கிறது, விதிகளை எல்லாம் பார்த்துவிட்டேன், பணத்தை அனுப்பலாம் என்று தன் பொறுப்பில் எழுதிக் கொடுக்கும் தாள். நம் மொழியில், "ருசி பார்த்துவிட்டேன், இலை போடலாம்." இந்தச் சான்று பல வங்கிகளுக்குச் சில வேலை நாட்களுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். பேனலில் இல்லாதவரின் சான்றை வங்கி ஏற்காது. பட்டியல் என்ற ஏற்பாடே இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான்.

கடைசி நாட்களில் இரண்டு சோதனைகள். கடன் வாங்குபவர் திவாலானவரா என்று ஒன்று. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் இன்னொன்று. அது கிடைத்ததும் 30 வேலை நாட்களுக்கு முன்னுரிமை கிடைக்கும், இடையில் வேறு யாரும் தங்கள் உரிமையை முன்னால் பதிய முடியாது. பிறகு சாப்ஸ் என்ற வங்கிப் பணப்பரிமாற்ற முறை வழியாக ஒரே நாளில் பணம் விற்பவரின் சொலிசிட்டருக்குப் போகும், சாவி உங்கள் கைக்கு வரும்.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது

சாவி வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். என் அம்மா புதுப் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் அதை அடுப்பில் ஏற்றமாட்டார். கல்யாண வீட்டில் நூறு தூக்கு கலந்து கிடந்தாலும் பெயர் வெட்டியது திரும்பி வந்துவிடும். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் நடப்பது அதுதான். சொத்தின் பதிவேட்டில் சொந்தக்காரர் என்று உங்கள் பெயரும், அதன்மேல் உரிமை உள்ளவர் என்று வங்கியின் பெயரும் ஏற வேண்டும்.

அதற்கு முன் இங்கிலாந்தில் 14 நாட்களுக்குள் முத்திரைத் தீர்வைக் கணக்கைக் கொடுத்து வரியைக் கட்ட வேண்டும். வேல்ஸில் வரி வேறு, அவகாசம் 30 நாட்கள். இவற்றைச் செய்வதும் உங்கள் சொலிசிட்டர்தான்.

பழைய பெயரை அழிப்பதும் இந்த வேலையில் சேரும். ஏ.ஐ.பி. வங்கி 33 லட்சம் பவுன் கடன் கொடுத்த ஒரு வழக்கில், அந்த வீட்டின்மேல் ஏற்கெனவே கடன் கொடுத்திருந்த பார்க்ளேஸுக்கு இரண்டு கணக்கில் பாக்கி இருந்தது. சொலிசிட்டர் அலுவலகம் ஒரு கணக்கை மட்டும் அடைத்தது. சுமார் 3,09,000 பவுன் நின்றுவிட்டது. அதனால் பாத்திரத்தில் முதல் பெயர் பார்க்ளேஸுடையதாகவே இருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் 2014இல் தீர்ப்பு வந்தது. வங்கிகள் ஏன் கையைப் பார்த்து ஆள் சேர்க்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

நம் ஆள் பட்டியலில் இல்லாவிட்டால்?

மூன்று வழி உண்டு. பட்டியலில் உள்ளவருக்கு மாறலாம். தொடக்கத்தில் மாறினால் இழப்பு குறைவு. உங்கள் சொலிசிட்டரை வைத்துக்கொண்டு வங்கிக்குத் தனியாக ஒரு அலுவலகத்தை அமர்த்தச் சொல்லலாம். எல்லா வங்கியும் சம்மதிக்காது, சம்மதித்தால் அந்தக் கட்டணமும் உங்கள் தலையில் விழும், ஒவ்வொரு தாளும் இரண்டு மேசை தாண்ட வேண்டும். மூன்றாவது, வேறு வங்கி பார்ப்பது. கடன் உறுதிக் கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் என்பதை மறக்க வேண்டாம்.

எஸ்டேட் ஏஜெண்டோ பில்டரோ, "எங்கள் சொலிசிட்டரையே வைத்துக்கொள்ளுங்கள், அவரும் பேனலில்தான்" என்று சொல்வார்கள். ஆள் அனுப்பியதற்குக் கமிஷன் உண்டா என்று கேளுங்கள். சொல்ல வேண்டியது விதி. உங்கள் வங்கியின் பட்டியலில் இருக்கும் எவரையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எஸ்.ஆர்.ஏ. விதிப்படி 2018 டிசம்பர் முதல் சொலிசிட்டர்கள் இந்த வேலைக்கான கட்டணத்தை இணையதளத்தில் போட வேண்டும். மூன்று பேரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீடு வாங்கப் போகும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். எந்த வங்கி என்று முடிவானதும், முன்பணமாக ஒரு பவுன் கொடுக்கும் முன், சொலிசிட்டருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "இந்த வங்கியின் பேனலில் உங்கள் அலுவலகம் இன்று இருக்கிறதா?" வங்கியையும் அழைத்து அலுவலகத்தின் பெயரையும் முகவரியையும் சொல்லிச் சரிபாருங்கள். இடையில் வங்கியை மாற்றினால் மறுபடியும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஐந்து நிமிட வேலை. எங்களுக்கு மூன்று வாரம் போனது.